ஆறு ஏக்கர் காட்டை யாரிடம் கொடுப்பது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. சொந்த நிலத்தில் நிற்கும் காட்டை, அல்லது காட்டை ஒட்டிய நிலத்தை, ஒரு பாதுகாப்பு டிரஸ்ட் மூலமாகக் காப்பாற்ற முடியுமா என்று. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (தாண்டிக்குடி வாசகர்): ஐயா, எங்களுக்கு 14 ஏக்கர் நிலம். 8 ஏக்கரில் காப்பியும் மிளகும். மேல்பக்கத்து 6 ஏக்கரை அப்பா கடைசிவரை கை வைக்காமல் சோலையாகவே விட்டிருந்தார், எங்கள் ஊற்று அங்கேதான் பிறக்கிறது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அண்ணன் தம்பி மூன்று பேர், ஒருவர் சென்னையில், ஒருவர் துபாயில். ரிசார்ட் கட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை வந்து விலை கேட்கிறார்கள், அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். அந்த 6 ஏக்கரை ஒரு டிரஸ்ட்டுக்கு எழுதிவிட்டால் அதன்பின் யாரும் தொட முடியாதுதானே?

பதில்: அப்படி உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மலைக்கிராமத்தில் ஒரு பெரியவர் இப்படித்தான் ஆசையாக ஒரு டிரஸ்ட்டுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார். டிரஸ்ட்டை நடத்தியவர் இறந்ததும் மீதி இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில், யாரும் வந்து பார்க்கவில்லை. உண்ணிச்செடி தோள் உயரம் வளர்ந்து நின்றது, ஒரு பங்குனியில் ரோட்டோரம் யாரோ போட்ட நெருப்பு ஏறி இரண்டு நாள் எரிந்தது, கீழே வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் அடுத்த கோடையில் வரவில்லை. அதனால் டிரஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்த நிலத்தில் தினமும் நடக்கப்போகிற ஆள் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதுதான். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிற டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். கடிதத்தில் அண்ணன் தம்பி மூவர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா இருக்கிறார்களா? அக்கா தங்கை உண்டா? அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு, ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் நாளைக்கு டிரஸ்ட் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். எனவே முதல் வேலை வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினை, 6 ஏக்கருக்குத் தனி உட்பிரிவு எண், தனிப் பட்டா. வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள், அப்பா எப்போதோ காப்பிக்கு வாங்கிய கடன் அடமானம் அதில் இருக்கலாம்.

அடுத்து, அந்தச் சர்வே எண் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். வந்தால், விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் செய்யவோ மரம் வெட்டவோ மாவட்டக் குழுவின் முன்அனுமதி வேண்டும். இது உங்களுக்குத் தொந்தரவுபோலத் தோன்றும், ஆனால் ரிசார்ட்காரருக்கும் இதே தடைதான். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உங்கள் கிராமம் ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருந்தால் கட்டடத்துக்கு அந்த அனுமதியும் தனியாக வாங்க வேண்டும். இந்த மூன்றையும் அண்ணனிடம் சொல்லுங்கள். ரிசார்ட்காரர் சொல்கிற விலை இந்த அனுமதிகளுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாலே பேச்சு வேறு மாதிரி போகும்.

சரி, எல்லோரும் சம்மதித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தானப் பத்திரத்தில் ‘இதைக் காடாகவே வைத்திருக்க வேண்டும், விற்கக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். போதாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 10ஆம் பிரிவு, முழு உரிமையோடு கொடுத்த சொத்தை விற்கவே கூடாது என்று தடை போட்டால் அந்தத் தடை செல்லாது என்கிறது. 11ஆம் பிரிவு, இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று போடும் நிபந்தனையும் செல்லாது என்கிறது. ஆனால் அதே 11ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கொடுப்பவரிடமே வேறொரு நிலம் இருந்து, அந்த நிலத்தின் நல்ல அனுபோகத்துக்காக நிபந்தனை போடுகிறார் என்றால் அதற்கு மதிப்பு இருக்கிறது. உங்களிடம் அப்படி ஒரு நிலம் இருக்கிறது, கீழே உள்ள 8 ஏக்கர் காப்பி. மேலே சோலை இருந்தால்தான் உங்களுக்கு ஊற்று, ஊற்று இருந்தால்தான் காப்பி.

இதே வழியில் ஈஸ்மெண்ட் சட்டமும் உதவும். வண்டிப்பாதை பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் என்று பத்திரங்களில் பார்த்திருப்பீர்களே, அதுதான் ஈஸ்மெண்ட். ஒரு நிலத்துக்காரருக்குப் பக்கத்து நிலத்தில் ஏதாவது செய்துகொள்ளும் உரிமை மட்டுமல்ல, அங்கே ஒன்றைச் செய்யவிடாமல் தடுக்கும் உரிமையும் அதில் அடங்கும். 6 ஏக்கர் டிரஸ்ட்டுக்குப் போகும்போதே, அங்கே கட்டடம் கட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, ஊற்றை மறிக்கக் கூடாது என்ற உரிமையை உங்கள் 8 ஏக்கருக்கு எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு டிரஸ்ட்டின் ஆட்கள் மாறி மனசும் மாறினால் கேட்பதற்கு நீங்கள் இருப்பீர்கள், உங்களுக்குப் பின் அந்தக் காப்பித் தோட்டம் யாரிடம் இருக்கிறதோ அவர் இருப்பார். இதிலும் ஓட்டை உண்டு, 8 ஏக்கர்க்காரர் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கலாம், இரண்டு நிலமும் ஒரே கைக்குப் போனாலும் உரிமை அழிந்துவிடும். ஆகவே நிலச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலை வைத்தே வாசகத்தை எழுதுங்கள்.

டிரஸ்ட்டும் பொது அறக்கட்டளையாக இருக்க வேண்டும், குடும்ப டிரஸ்ட்டாக இருக்கக் கூடாது. பொது அறக்கட்டளை நோக்கத்தை மீறினால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து கோர்ட்டின் அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், டிரஸ்டியை நீக்கச் சொல்லியும் கேட்கலாம். எழுதிக் கொடுப்பதற்கு முன் அவர்களுடைய அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல் கேட்டு உட்கார்ந்து படியுங்கள். டிரஸ்ட் கலைந்தால் சொத்து எங்கே போகும், டிரஸ்டிகளில் உள்ளூர்க்காரர் உண்டா, மூன்று வருஷக் கணக்கைக் காட்டுவார்களா. நகல் தரத் தயங்குகிறவர்களிடம் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடலாம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுதும்போது கிடைக்கும் சலுகைக் கட்டணம் டிரஸ்ட்டுக்குக் கிடையாது. வருமான வரியில் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், நிலமாகக் கொடுத்தால் கிடைக்காது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒரு சோலையைக் கொடுக்கிறவருக்குக் கைக்காசும் செலவாகிறது.

கொடுக்காமலே காக்கவும் வழி இருக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 20 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருவது இதைத்தான். தேயிலை, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் மழைக்காடுகள் கம்பெனிகளின் பேரிலேயே இருக்கின்றன. இவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உண்ணிச்செடியை அகற்றி, அந்தக் காட்டு மரங்களையே நாற்றுப் போட்டு வளர்த்து நடுகிறார்கள். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் அந்தத் துண்டுகளை நம்பித்தான் அங்கே வாழ்கின்றன. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளாவிட்டால், நிலம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும், பராமரிப்பை மட்டும் ஒரு பத்து வருஷத்துக்கு ஒரு நல்ல அமைப்பிடம் ஒப்படையுங்கள். அண்ணனுக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட கெட்டியான பூட்டு வேண்டும் என்றால் சமுதாயக் காப்பகம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த 36சி பிரிவு அது. தனியார் தானாக முன்வந்து தன் நிலத்தை அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம், பட்டா அவர் பேரிலேயே இருக்கும். அறிவித்தபின் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் வேண்டும், மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் நிலமாக இருந்தால் அந்தக் குழுவில் உரிமையாளரும் இருக்கிறார். கேரளத்தின் கடலுண்டி–வள்ளிக்குன்று 2007இல் இப்படித்தான் சமுதாயக் காப்பகம் ஆனது. ஆனால் ஒன்று, உள்ளே போனால் திரும்பி வருவது கடினம். பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு மனு கொடுங்கள்.

கேள்வி (நியூஜெர்சி வாசகி): இங்கே என் பக்கத்து வீட்டுக்காரர் தன் பண்ணையை விற்காமலே, அங்கே இனி யாரும் வீடு கட்ட முடியாதபடி ஒரு டிரஸ்ட்டுடன் எழுதிக்கொண்டார், வரியும் குறைந்ததாம். எங்கள் ஊர்ப்பக்கம் ஏன் இது இல்லை?

பதில்: நீங்கள் சொல்வது கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட். அமெரிக்காவில் நில அறக்கட்டளை என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். சார்லஸ் எலியட் என்ற நிலவடிவமைப்பாளரின் முயற்சியில் 1891இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்தான் அதற்கு முன்னோடி. நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் வந்தது. இன்று அமெரிக்காவில் இந்த அறக்கட்டளைகளின் பாதுகாப்பில் இருக்கும் நிலம் 6 கோடி ஏக்கருக்கு மேல்.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பக்கத்தில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத டிரஸ்ட்டும் ஒருவர் நிலத்தின் மீது தடுக்கும் உரிமையை வைத்திருக்கலாம் என்று மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுக்கொண்டன, அதைத் தானமாகக் கொடுத்தால் வரிச்சலுகையும் உண்டு. நம் 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தில் ஈஸ்மெண்ட் என்பது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்தின் மீது இருக்கும் உரிமை, ஆளுக்கோ டிரஸ்ட்டுக்கோ வெறுமனே வராது. தாண்டிக்குடிக்காரருக்கு நான் 8 ஏக்கரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான். இந்த ஒரு விஷயத்துக்குச் சட்டமன்றத்தில் ஒரு சின்னச் சட்டம் வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனையோ காப்பித் தோட்டக்காரர்கள் மனமுவந்து முன்வருவார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகர்): நாங்கள் ஐடியில் வேலை பார்க்கும் நண்பர்கள் 20 பேர். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டோரமாக 30 ஏக்கர் வாங்கி அப்படியே காடாக விட ஆசை. வார இறுதியில் போய்த் தங்க ஒரு சின்ன வீடு மட்டும். எங்கே வாங்கலாம்?

பதில்: அந்தச் சின்ன வீட்டை முதலில் விடுங்கள். வீடு வந்தால் ரோடு வரும், விளக்கு வரும், காவலுக்கு நாய் வரும், குப்பை வரும், பிறகு கரடி வருகிறது என்று வேலியும் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆசை உண்மையானது என்பதால்தான் சொல்கிறேன்.

அப்புறம், 30 ஏக்கரா 3 ஏக்கரா என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிது. கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம், பிலிகிரிரங்கன் மலைக் காட்டையும் அடுத்த காட்டையும் இணைக்கும் எடயாரள்ளி–தொட்டசம்பிகே என்ற யானை வழித்தடத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை வாங்கியது வெறும் 25 ஏக்கர் சொச்சம். விற்க விரும்பியவர்களிடம் வாங்கிப் பிறகு வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள். அந்த 25 ஏக்கரில் லேஅவுட் வந்திருந்தால் இரண்டு பக்கத்துக் காடும் அங்கே துண்டாகியிருக்கும். குடகில் அனில் மல்ஹோத்ரா, பமேலா தம்பதி 1991இல் 55 ஏக்கரில் ஆரம்பித்து, விவசாயிகள் கைவிட்ட பக்கத்து நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 300 ஏக்கர் வரை கொண்டுபோனார்கள். அவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். நீங்கள் 20 பேரும் வேளச்சேரியில் இருப்பீர்கள்.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்), டிரஸ்ட் பேரில் வாங்கினால் அதற்கு விதி வேறு. இருபது பேர் கூட்டுப் பட்டாவில் இருந்தால் பத்து வருஷத்தில் ஒருவருக்கு வீட்டுக்கடன் நெருக்கடி, ஒருவர் இறந்துபோவார், ஒருவருக்கு விவாகரத்து, பங்கைப் பிரித்துக் கேட்பார்கள். என் யோசனை, நிலத்தை நீங்கள் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே காட்டில் வேலை செய்கிற ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டு உள்ளூர் காவலர்களின் சம்பளத்தை ஐந்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். நிலம் வாங்கப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், காவலருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

கேள்வி (கூடலூர் வாசகர்): உங்களுக்கு டிரஸ்ட் என்றால் நல்ல விஷயமாகத் தெரிகிறது. எங்களுக்கு யானை வழித்தடம், டிரஸ்ட், சர்வே என்ற சொற்களைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. எங்களைக் கிளப்பத்தானே இதெல்லாம்?

பதில்: உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஜென்மம் என்ற, ஜமீன் மாதிரியான பழைய நில உரிமையை ஒழிக்க 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், உரிமை யாருக்கு என்று முடிவாகாத செக்‌ஷன் 17 நிலத்தில் இருக்கிறவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாமல் கரண்ட் வாங்கப் பட்ட பாடு உங்களுக்குத்தான் தெரியும். அப்படி இருக்கிறவரிடம் போய்ப் பாதுகாப்பு என்று ஆரம்பித்தால் யாருக்கும் கலங்கத்தான் செய்யும்.

ஆனால் சிலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழித்தடப் பட்டியல் ஒன்று, அரசாணை ஒன்று, டிரஸ்ட் நிலம் வாங்குவது இன்னொன்று. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005இல் 88 வழித்தடங்களைப் பட்டியலிட்டது, 2017இல் 101. மத்திய அரசின் 2023 அறிக்கையில் 150. ஒரு பட்டியலில் ஊர் பேர் வந்ததால் மட்டும் யார் நிலமும் போய்விடாது. முதுமலையை ஒட்டிய சீகூரில் நடந்தது வேறு, அங்கே யானை வழித்தடத்தை அறிவித்து 2010இல் தமிழக அரசு ஆணை போட்டது, 2011இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. டிரஸ்ட்டுக்கு அப்படிப்பட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. விற்கிறேன் என்று சொல்கிறவரிடம் மட்டும்தான் வாங்க முடியும், பட்டா இல்லாத நிலத்தை வாங்கவே முடியாது.

வயநாட்டில் திருநெல்லி–குதிரக்கோடு வழித்தடத்தில் நடந்ததை உங்கள் ஊர்க்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பக்கம்தானே. அங்கே காட்டுக்கு நடுவே யானைத் தொல்லையில் இருந்த சில குடியிருப்புகளை, அங்கே இருந்தவர்கள் சம்மதத்தோடு, அதே இந்திய வனவிலங்கு அறக்கட்டளையினர் மாற்று நிலமும் வீடும் கொடுத்து நகர்த்தினார்கள். நிலத்தை வாங்கி 2015இல் கேரள வனத்துறையிடம் கொடுத்தார்கள். பல வருஷம் பேசி நடந்த வேலை அது. வரப்போகிற வீட்டை முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் சம்மதம் என்று சொல்ல முடிய வேண்டும். ரோடும் மருந்தும் பள்ளிக்கூடமும் இல்லாமல் வைத்திருந்துவிட்டு, போகிறேன் என்று ஒருவர் சொல்வதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். யார் காகிதம் நீட்டினாலும் தமிழிலோ மலையாளத்திலோ முழுதாக எழுதித் தரச் சொல்லுங்கள், கிராம சபையில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லுங்கள், நகல் உங்கள் கையில் வந்தபிறகு பேச்சை ஆரம்பியுங்கள்.

கேள்வி (மேலூர், பள்ளி ஆசிரியை): எங்கள் கிராமத்தில் கோயில்காடு ஒன்று இருக்கிறது, பத்து ஏக்கர்கூட வராது. அதற்கும் டிரஸ்ட் ஆரம்பிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் டீச்சர். உங்கள் பக்கத்திலேயே அரிட்டாபட்டி இருக்கிறதே. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் எப்படித் திரண்டு நின்றார்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலம் எப்படி ரத்தானது என்று நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அது பெரிய இடம் என்று நினைத்தால் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியைப் பாருங்கள், வீரகோயில் காடு 5 ஹெக்டேருக்கும் குறைவு, 2025இல் அதற்கும் அந்தத் தகுதி கிடைத்தது. ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள், அதன் தீர்மானத்தோடு மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு மனு போக வேண்டும். அதற்கு முன் உங்கள் மாணவர்களை வைத்து அங்கே என்ன மரம், என்ன கொடி, என்ன பறவை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். பூசாரியையும் கூட்டிக்கொள்ளுங்கள், காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, சுள்ளி ஒடிக்கக் கூடாது என்ற வழக்கங்களை அவர் சொல்லச் சொல்ல அதே நோட்டில் எழுதுங்கள்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): எங்கள் சிறிய டிரஸ்ட்டுக்கு மேல்மலையில் 3 ஏக்கர் புல்வெளி நன்கொடையாக வந்திருக்கிறது. எந்த மரம் நடலாம்?

பதில்: எதுவும் நட வேண்டாம். அது காடு அழிந்து புல்லான இடம் என்று நினைக்காதீர்கள், மேல்மலையில் புல்வெளி புல்வெளியாகவே இருக்க வேண்டியது, மழைநீரைப் பிடித்து ஓடைக்கு விடுவது அதுதான். வெற்றிடம் என்று நினைத்து அங்கே சீகை (வாட்டில் மரம்), தைல மரம், பைன் என்று நட்டதில்தான் பழனி மலையின் புல்வெளி பெரும்பாலும் போனது. உங்கள் 3 ஏக்கரில் சீகைக் கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்து மண் இளகி இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள், வெட்டி விட்டால் மறுபடி துளிர்க்கும். அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரே வருஷத்தில் முடியாது, வருஷா வருஷம் மழைக்குப் பின் நாலு பேர் இரண்டு நாள் ஒதுக்கினால் 3 ஏக்கரைச் சமாளிக்கலாம்.